10 பிளைண்டோடு உட்கார்ந்து 16-வது ஆளாக எழுந்து வந்தேன். எந்தக் கையில் தப்பு?

மூணுசீட்டு:

வணக்கம் மக்களே. போன வாரம் கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கிற ஒரு கப்பல் கேசினோவில் போக்கர் டோர்னமென்ட் ஆடினேன். நுழைவுக் கட்டணம் 11,000 ரூபாய், அதில் 10,000 பரிசுக்குப் போகும். 120 பேர் வந்திருந்தார்கள், முதல் 15 பேருக்குப் பணம். 15-வது ஆளுக்கு 22,000, முதல் ஆளுக்கு 3 லட்சம். நான் 16-வது. புரிகிறதா என் வயிற்றெரிச்சல்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 18 பேர் மிச்சம், மூன்று மேஜை, மேஜைக்கு ஆறு பேர். பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்னே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டுவது) 8,000/16,000, பிக் பிளைண்ட் ஆன்டி (பெரிய பிளைண்ட்காரர் மேஜைக்கே சேர்த்துக் கட்டுவது) 16,000. என்னிடம் 1,60,000 சிப், அதாவது சரியாக 10 பிக் பிளைண்ட். சராசரி 2 லட்சம் இருக்கும், அதனால் பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. "இன்னும் மூணு பேர் போனால் பணம், நல்ல கை வரட்டும்" என்று உட்கார்ந்தேன். அப்புறம் வந்த கைகள் இவை:

பட்டனில் (பிளைண்ட் கட்டிய இருவருக்கு மட்டும் முன்னால் பேசும் இடம்) ஏஸ்-5, வேறு வேறு சூட். எல்லோரும் மடித்து என்னிடம் வந்தது. எனக்கு இடப்பக்கம் ஸ்மால் பிளைண்டில் 2 லட்சம் வைத்திருந்த ஒருவர், பிக் பிளைண்டில் ஆறரை லட்சத்தோடு சிப் லீடர். கிக்கர் (ஏஸோடு வந்த இன்னொரு சீட்டு) சின்னது, பின்னால் லீடர் வேறு. மடித்தேன்.

பிளைண்டுகள் என் மேல் ஒரு சுற்று போனது, 1,20,000 ஆனது. அதற்குள் லெவல் ஏறி 10,000/20,000, ஆன்டி 20,000. கட்-ஆஃபில் (பட்டனுக்கு ஒரு இடம் முன்னால்) கிங்-10, இரண்டும் ஆர்ட்டின். லீடர் இப்போது ஸ்மால் பிளைண்ட். மடித்தேன். இரண்டு கை தள்ளி, முதலில் பேச வேண்டிய இடத்தில் ஜோடி 4. முதல் இடத்திலிருந்து 4 ஜோடியோடு எப்படி எல்லாச் சிப்பையும் போட்டு ஆல்-இன் போவது? மடித்தேன். மறுபடி பிளைண்ட் கட்டினேன், கையில் 70,000.

இதற்குள் இரண்டு பேர் போய் 16 ஆனோம். மேஜையை உடைத்து எட்டு எட்டாக உட்கார வைத்து, கைக்குக் கை ஆட ஆரம்பித்தார்கள். புது இடத்தில் பிக் பிளைண்ட் எனக்கு இரண்டு கை தூரத்தில். குயின்-ஜாக், இரண்டும் டைமன். இதைவிட நல்ல கை வராது என்று ஆல்-இன். ஒரு பெரிய ஸ்டாக் (நிறையச் சிப் வைத்திருந்தவர்) ஏஸ்-9 வைத்து கால், அதாவது அதே தொகையைப் போட்டார், பிக் பிளைண்ட்காரர் 8-6-ஐ வைத்துக்கொண்டு "விலை சரியா இருக்கு" என்று அவரும் கால். ஃப்ளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) 8 வந்தது, மற்றவை எனக்கு உதவவில்லை. கதை முடிந்தது. என் அறைத் தோழன் "ஒரு கை பொறுத்திருந்தா காசு வாங்கியிருப்பே"ன்னு இன்னும் திட்டுகிறான்.

கேள்வி இதுதான்: குயின்-ஜாக் தப்பா? இல்லை 8-6 வைத்துக் கால் போட்ட அந்த மனுஷன்தான் தப்பா?


கால்குலேட்டர்:

நண்பா, 8-6 ஆள் செய்தது சரி. முதலில் அதைத் தெளிவாக்கிவிடலாம். நீங்கள் 70,000 போட்டீர்கள், நடுவில் ஸ்மால் பிளைண்ட் 10,000, அவருடைய பிளைண்ட் 20,000, ஆன்டி 20,000. ஆக 1,20,000 கிடக்கிறது, அவர் இன்னும் 50,000 போட்டால் போதும். 1,70,000-இல் 50,000 என்றால் 29 சதவீதம் ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. உங்கள் குயின்-ஜாக்குக்கு எதிராக 7-2 கூட 30 சதவீதத்தை ஒட்டி ஜெயிக்கும். நடுவில் இன்னொருவர் வேறு கால் போட்டதால் விலை இன்னும் மலிவு. அவர் எந்த இரண்டு சீட்டை வைத்தும் கால் போடலாம், நீங்கள்தான் அவருக்கு அந்த விலையைக் கொடுத்தீர்கள்.

இதே கணக்கை 10 பிளைண்ட் இருந்தபோது போட்டுப் பாருங்கள். பட்டனில் 1,60,000 ஆல்-இன் போயிருந்தால் பிக் பிளைண்ட் 1,44,000 போட்டாக வேண்டும், ஜெயிக்கும் மொத்தப் பானை 3,44,000. அவருக்கு 42 சதவீதம் தேவை. அந்த விலைக்கு 8-6 வராது, ஜாக்-7 வராது. இதைத்தான் சின்ன ஸ்டாக்கின் பலம் என்று சொல்வது. உங்கள் சீட்டு எவ்வளவு நல்லது என்பது பாதி விஷயம்தான், எதிராளி மடிப்பானா என்பது மீதிப் பாதி. 10 பிளைண்டில் அந்த மீதிப் பாதி உங்களிடம் இருந்தது, மூன்றரை பிளைண்டில் சுத்தமாகப் போய்விட்டது.

அந்த ஏஸ்-5-ஐ முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். நடுவில் கிடந்தது 40,000, உங்கள் ஸ்டாக்கில் கால் பங்கு. இரண்டு பேரில் யாராவது ஒருவர் கால் போட 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் வந்தால் நீங்கள் ஜெயிப்பது 40 சதவீதம் என்று கஞ்சத்தனமாகவே வைப்போம். 65 சதவீதம் சும்மா 40,000 கிடைக்கிறது, அதன் சராசரி மதிப்பு 26,000. கால் வரும் 35 சதவீதத்தில், 3,44,000-இல் 40 சதவீதம் 1,37,600, போட்டது 1,60,000, அதாவது ஒவ்வொரு தடவையும் 22,400 நஷ்டம், சராசரியில் 7,800. கழித்தால் 18,000 சிப் லாபம். ஒரு பிளைண்டுக்கும் மேலே! இதைத்தான் "கிக்கர் சின்னது" என்று சொல்லி மடித்தீர்கள்.

டான் ஹாரிங்டன் (1995-இல் போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தவர்) பரப்பிய ஒரு அளவு உண்டு, 'எம்' என்பார்கள். உங்கள் சிப்பை, இரண்டு பிளைண்ட் ஆன்டி எல்லாம் சேர்ந்த தொகையால் வகுக்கணும். ஒரு சீட்டும் ஆடாமல் இன்னும் எத்தனை சுற்று உயிரோடு இருப்பீர்கள் என்பது அந்த எண். நீங்கள் 10 பிளைண்ட் என்று நிம்மதியாக உட்கார்ந்த இடத்தில் உங்கள் எம் வெறும் 4. ஹாரிங்டன் கணக்கில் 5-க்குக் கீழே சிவப்பு மண்டலம், அங்கே ஆல்-இன், மடிப்பு என்று இரண்டே வேலைதான். சராசரியே 2 லட்சம், அதாவது பன்னிரண்டரை பிளைண்ட், எம் 5 என்றால் சராசரி ஆளே சிவப்பின் விளிம்பில்தான் இருந்தார். சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது ஒரு ஆறுதலே இல்லை.

இன்னொன்று. ஆறு பேர் மேஜையில் ஒரு சுற்று என்பது ஆறே கை. ஒன்பது பேர் மேஜையில் ஒன்பது கைக்கு ஒருமுறை கட்டும் தொகையை இங்கே ஆறு கைக்கு ஒருமுறை கட்டுகிறீர்கள். 12 கையில் 90,000 போனது, நீங்கள் ஒரு ஃப்ளாப்கூடப் பார்க்கவில்லை. "நல்ல கை வரட்டும்" என்கிறீர்கள், எந்த ஜோடியாவது வருவதே 17 கைக்கு ஒருமுறைதான். உங்களுக்கு 4 ஜோடி வந்தது, அதையும் மடித்தீர்கள்.


டீக்கடை பெஞ்ச்:

கால்குலேட்டர் சார் எப்பவும் போலத் தீர்ப்பு எழுதிட்டார் :) தல, மனசை விடாதீங்க. 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கர் எல்லாச் சிப்பையும் தள்ளித் தோற்று, எழுந்து போகப் பார்த்தபோது ஒரே ஒரு 500 சிப் மிச்சம் இருந்தது தெரிந்து, "ஆல்-இன்" என்று வாயால் சொல்லாததால் ஆட அனுமதித்து, கடைசியில் அந்த ஒற்றைச் சிப்பிலிருந்து உலகத் தொடரையே ஜெயித்து 5,20,000 டாலர் வாங்கிப் போனார். ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்று அதிலிருந்துதான் எல்லோரும் சொல்வது. எனக்கென்னவோ நீங்கள் பொறுமையாக இருந்தது சரிதான், அதிர்ஷ்டம் சரியில்லை. 4 ஜோடியை முதல் இடத்திலிருந்து தள்ளச் சொல்வது எல்லாம் கம்ப்யூட்டர் புத்தி, எதிரே ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆல்-இன்னுக்குப் பதில் சும்மா பிளைண்டை மட்டும் கட்டி உள்ளே போய் ஃப்ளாப் பார்க்கலாமே?


கால்குலேட்டர்:

பெஞ்ச், ஆறு பிளைண்ட் வைத்துக்கொண்டு ஒன்றைக் கட்டி ஃப்ளாப் பார்த்தால், எட்டில் ஏழு தடவைக்கும் மேல் மூன்றாவது 4 வராது, மேலே மூன்று பெரிய சீட்டு கிடக்கும், யாராவது பெட் கட்டினால் மடிக்கணும். ஸ்டாக்கில் ஆறில் ஒரு பங்கு காலி. ஆல்-இன் போனால் எல்லோரும் மடித்து 50,000 வர நல்ல வாய்ப்பு, வராவிட்டாலும் இரண்டு பெரிய சீட்டுக்கு எதிரே 4 ஜோடி பாதிக்குப் பாதி. அடுத்த கையிலேயே பிக் பிளைண்டும் ஆன்டியும் சேர்த்து 40,000 கட்டப்போகிறவர் காத்திருந்து என்ன பயன்? அப்புறம் ஸ்ட்ராஸ் கதை. ஒற்றைச் சிப்பில் செத்த ஆயிரம் பேரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான்.


ஸ்கார்பரோ 304:

தம்பி, நான் கனடாவில் இருக்கிறேன், நயாகரா பக்கம் மாதத்துக்கு ஒரு தடவை போய் ஆடுகிற ஆள். கால்குலேட்டர் சொன்ன கணக்கு முழுக்கச் சிப் கணக்கு. சிப்பும் காசும் ஒன்றில்லை, அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன்.

மூன்று பேர் மிச்சம் என்று வையுங்கோ. பரிசு 50, 30, 20 டாலர். சிப்பில் ஒருவரிடம் பாதி, ஒருவரிடம் 30 சதவீதம், கடைசி ஆளிடம் 20 சதவீதம். இப்போதே நிறுத்திப் பிரித்தால் யாருக்கு எவ்வளவு நியாயம்? ஐசிஎம் என்ற கணக்குப்படி பாதிச் சிப் வைத்திருப்பவருக்கு 38 டாலர் 39 சதம், நடு ஆளுக்கு 32.75, கடைசி ஆளுக்கு 28.86. பாருங்கோ, ஐந்தில் ஒரு பங்கு சிப் வைத்திருப்பவனுக்குக் கிட்டத்தட்ட 29 சதவீதக் காசு. ஏனென்றால் மூன்றாமிடத்து 20 டாலர் அவனுக்கு ஏற்கெனவே நிச்சயம். சின்ன ஸ்டாக்கில் ஒவ்வொரு சிப்பும் விலை கூடினது, பெரிய ஸ்டாக்கில் சேரும் ஒவ்வொரு சிப்பும் மலிவு. இந்தக் கணக்கின் அடி குதிரைப் பந்தயத்தில் இருந்து வந்தது. முதலாவது வரும் குதிரையின் வாய்ப்பு தெரிந்தால் இரண்டாவது மூன்றாவது எப்படி என்று 1973-இல் ஹார்வில் என்பவர் எழுதின சூத்திரம், அதை மேசன் மல்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார். கிண்டியில் பந்தயம் பார்த்த ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பினம்.

இதில் உங்களுக்கு என்ன வந்தது என்றால், பணத்துக்கு ஒரு ஆள் முன்னால் நிற்கும்போது, அந்த பபிளில், ஆல்-இன்னைத் தள்ளுகிறவனைவிட அதற்குக் கால் போடுகிறவனுக்குத்தான் பயம் கூட. தள்ளுகிறவனுக்கு இரண்டு வழியில் ஜெயிக்கலாம், கால் போடுகிறவனுக்கு ஒரே வழி. நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் உங்களோடு மோதிச் செத்துப் போகப் பயப்படுவினம், 2 லட்சம் வைத்திருந்த அந்த ஸ்மால் பிளைண்ட்காரர் மாதிரி. ஆகவே 18 பேர் இருந்தபோது நீங்கள் தள்ளியிருக்க வேண்டும் என்பதில் நானும் கால்குலேட்டரும் ஒரே கட்சி. ஐசிஎம் என்றாலே "மடி, மடி" என்று நினைக்கிற ஆட்கள் பாதியைத்தான் படித்தவர்கள்.

ஆனால் கடைசிக் கை வேறு. 16 பேர், 15 பேருக்குக் காசு, உங்களிடம் மூன்றரை பிளைண்ட். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்கள் சீட்டைப் பற்றியது இல்லை. மற்ற மேஜையில் யாரிடம் எவ்வளவு இருந்தது? கைக்குக் கை ஆடுகிறபோது ஒவ்வொரு கை முடிவிலும் இரண்டு மேஜையும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும், எழுந்து போய் பார்த்துவிட்டு வர நேரம் இருக்கும். நீங்கள் பார்த்தீர்களா? உங்களைவிடச் சின்ன ஸ்டாக் ஒருவன் அடுத்த கையில் பிக் பிளைண்ட் கட்டப்போகிறான் என்றால் குயின்-ஜாக்கை மடிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. சாட்டிலைட்டில் (பெரிய போட்டிக்கு டிக்கெட் தருகிற சின்னப் போட்டி) இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 10 பேருக்கு ஒரே மாதிரி டிக்கெட், 11 பேர் மிச்சம், ஒருவனிடம் அரைப் பிளைண்ட், உங்களிடம் போதுமான சிப் என்றால் ஏஸ்-ஏஸையே மடிக்கலாம், நான் மடித்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் காட்டச் சொன்னார், காட்டவில்லை. ஆனால் உங்களுடையது சாட்டிலைட் இல்லை, முதலிடத்துக்கு 3 லட்சம் இருக்கிறது, அதனால் 15-வது இடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாகிறதும் பிழை.

இன்னொரு விஷயம், சும்மா சொல்கிறேன். நாங்கள் ஊரில் 304 விளையாடிப் பழகின ஆட்கள். அதில் ஜாக்குக்கு 30 புள்ளி, ராணிக்கு 2. அந்தப் பழக்கத்தில் எனக்கு இன்னமும் ஜாக்கைக் கண்டால் ஒரு பாசம் வரும். குயின்-ஜாக் படம் பார்க்க வடிவு, எந்த ஏஸுக்கும் முன்னால் பின்தங்கினதுதான்.


மூணுசீட்டு:

கால்குலேட்டர் அண்ணே, ஸ்கார்பரோ அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்ற மேஜையைப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மேஜையில் ஒருவரிடம் 25,000 இருந்ததாம். நான் ஆல்-இன் போன அதே கையில் அவர் முதலில் பேசும் இடத்தில், அடுத்த கையில் பிக் பிளைண்ட், அதாவது கை சீட்டைப் பார்க்காமலே எல்லாம் உள்ளே போயிருக்கும். நான் போனதால் அவர் 22,000 வாங்கிவிட்டார். பார் பக்கத்தில் என்னிடம் வந்து "தேங்க்ஸ் பிரதர்" என்று கை கொடுத்தார், கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு நல்ல மனுஷன்.

ஆனால் ஒரு சந்தேகம். ஏஸ்-5-க்கு 35 சதவீதம்தான் கால் வரும் என்று வைத்தது சிப் லீடர் பிக் பிளைண்டில் இருக்கும்போதும் பொருந்துமா? அந்த ஆள் எல்லாவற்றுக்கும் கால் போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் நான் பயந்ததற்கு உண்மையான காரணம்.


பட்டன்காரி:

நல்ல கேள்வி, கால்குலேட்டர் இதைத் தொடாமல் போனதுதான் எனக்கு உறுத்தியது. மேஜையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு அரைக் கணக்கு. லீடருக்கு 1,60,000 போனாலும் 4,90,000 மிச்சம், அவருக்கு என்ன பயம்? 35-ஐ 45 ஆக்குங்கள். ஆனால் அவர் நிறையக் கைக்குக் கால் போடுகிறார் என்றால் அதில் கிங்-9, ஜாக்-10 எல்லாம் வரும், அவற்றுக்கு முன்னால் உங்கள் ஏஸ்தான் மேலே. அதனால் ஜெயிக்கும் வாய்ப்பும் ஒன்றிரண்டு ஏறும். நான் போட்டுப் பார்த்தேன், 13,000 சிப் வரை லாபம் நிற்கிறது. குறைந்தது, மறையவில்லை. தள்ளித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் நெஞ்சு படபடப்போடு. ஏஸை விடுங்கள், 9-8 மாதிரி ஒரு கை என்றால் அங்கே நான் மடித்திருப்பேன், பயப்படாத ஆளிடம் பயமுறுத்தும் கையை எடுத்துப்போய் என்ன செய்வது?

கிங்-10 இன்னும் எளிது. லீடர் ஸ்மால் பிளைண்டில் இருந்தாலும் மூன்றே பேர் பின்னால், ஆறு பிளைண்ட், ஒரே சூட். எனக்கு அதில் யோசனையே இல்லை.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. நேரில் ஆடும்போது சின்ன ஸ்டாக்காரர்கள் முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள். மடிக்கும் கையை உடனே வீசுகிறார்கள், ஆல்-இன் போகும் கைக்கு மட்டும் சீட்டை இரண்டு தடவை பார்த்து, சிப்பை எண்ணி, பெருமூச்சு விட்டு... பெரிய ஸ்டாக்காரர் உங்களை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாக் கைக்கும் ஒரே நேரம் எடுங்கள். பெரிய மதிப்புள்ள சிப்பை முன்னால் அடுக்குங்கள், டோர்னமென்டில் அதை மறைக்கக் கூடாது என்பது விதியும்கூட. உங்கள் முறை வந்ததும் வாயால் "ஆல்-இன்" என்று சொல்லுங்கள், சிப்பைச் சும்மா தள்ளினால் எவ்வளவு தள்ளினீர்கள் என்று பஞ்சாயத்து வரும் (ஸ்ட்ராஸுக்கு வாய் திறக்காதது நல்லதாகப் போச்சு, எல்லோரும் ஸ்ட்ராஸ் இல்லை).

தள்ளும் முன் இடப்பக்கத்தைப் பாருங்கள். சிலர் சீட்டைக் கையில் தூக்கி வீசத் தயாராக வைத்திருப்பார்கள், அவர்கள் மடிக்கப்போகிறார்கள் என்பது சொல்லாமலே தெரியும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைப் பத்துக்கு ஏழு பேர் செய்கிறார்கள் என்பது என் கண்ணால் பார்த்த கணக்கு, புள்ளிவிவரம் இல்லை.

அப்புறம் நான்கு ஐந்து பிளைண்டோடு பிக் பிளைண்டில் இருக்கும்போது யாராவது ரெய்ஸ் போட்டால் (தொகையைக் கூட்டினால்), கையில் ஓரளவு சீட்டு இருந்தால், முன்னாலேயே ஆல்-இன் போகாமல் சும்மா கால் போட்டுவிட்டு ஃப்ளாப்பில் என்ன வந்தாலும் நீங்கள் முதலில் தள்ளுகிற ஒரு பழைய உத்தி உண்டு. முன்னால் தள்ளினால் அவர் விலைக்காகவே கால் போடுவார். ஃப்ளாப் வந்த பிறகு, ஜோடி இல்லாத கை மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் பிடிக்காது, அப்போது அவருக்குக் கால் போட மனசு வராது. நீங்கள் முதலில் பேசும் இடத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும், ரெய்ஸ் ஸ்மால் பிளைண்டிலிருந்து வந்தால் செய்யாது. லீடர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கால் போடும் ஆளிடமும் செய்யாது.

10 பிளைண்டில் இரண்டேகால் பிளைண்டுக்கு ரெய்ஸ் போட்டுவிட்டு, எதிராளி ஆல்-இன் வந்ததும் மடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. கால்வாசி ஸ்டாக்கைத் தானம் கொடுத்துவிட்டு "தப்பித்தேன்" என்பார்கள். மடிக்க மனசில்லாத கையோடு மட்டும்தான் அந்தச் சின்ன ரெய்ஸ்.


கால்குலேட்டர்:

லீடர் விஷயத்தில் பட்டன்காரி சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். குயின்-ஜாக் பற்றி ஸ்கார்பரோ அண்ணனுக்கு: அந்த 25,000 ஆள் அடுத்த கையில் கட்டாயமாக உள்ளே போனாலும், அவர் கிட்டத்தட்ட பாதி வாய்ப்பில் பிழைத்துவிடுவார், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அவரைத் துரத்தினால் கொஞ்சம் குறையும். நம்மாள் மடித்திருந்தால் 22,000-க்கு நல்ல வாய்ப்பு, ஆனால் அதற்கு மேலே ஏறச் சிப் இல்லை. தள்ளி மூன்று மடங்காகியிருந்தால் 2,40,000, சராசரி ஸ்டாக். மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகிறது. மடித்தாலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், தள்ளியதையும் சொல்ல மாட்டேன். அறைத் தோழனிடம் சொல்லுங்கள், திட்டணும் என்றால் அரை மணி நேரம் முந்தி மடித்த அந்த மூன்று கைக்குத் திட்டட்டும்.


டீக்கடை பெஞ்ச்:

சரிப்பா, 4 ஜோடியில் நான் தோற்றேன். ஆனால் பயிற்சிக்கு எங்கே போவது? 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் வந்த பிறகு பணம் வைத்து ஆன்லைனில் ஆட வழியில்லை. கோவா போய் 11,000 கொடுத்துத்தான் கற்றுக்கொள்ளணுமா?


பட்டன்காரி:

சீட்டுக்கட்டு ஒன்று, தாள் ஒன்று போதும். இரண்டு சீட்டைப் பிரி, நீ எந்த இடம், எத்தனை பிளைண்ட் என்று நீயே சொல்லிக்கொள், தள்ளுவேனா மடிப்பேனா என்று எழுது, அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் ஆல்-இன் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார். ஒரு நாளைக்கு ஐம்பது கை. நான் மின்சார ரயிலில் தாம்பரத்துக்குப் போகும்போது மனசுக்குள்ளேயே செய்வேன். அட்டவணை சிப் கணக்கில் இருக்கும், பபிள் பயம் அதில் இருக்காது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.


மூணுசீட்டு:

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் மறுபடி போகிறேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). நான் பிக் பிளைண்டில், ஆன்டி போக நான்கே பிளைண்டோடு இருக்கிறேன், பிளைண்ட் கட்டியது போக மூன்று மிச்சம். ஸ்மால் பிளைண்ட் ஆல்-இன் தள்ளுகிறார். என்னிடம் கிங்-7, வேறு வேறு சூட். கால்?


கால்குலேட்டர்:

அவர் நான்கு, உங்கள் பிளைண்ட் ஒன்று, ஆன்டி ஒன்று, ஆறு கிடக்கிறது. மூன்று போட்டால் ஒன்பது, தேவை 33 சதவீதம். ஸ்மால் பிளைண்டில் இருந்து அவர் பாதிக் கைகளுக்கு மேல் தள்ளுவார், அதற்கு எதிரே கிங்-7 தாராளமாக 33-ஐத் தாண்டும். சீட்டைப் பார்த்ததும் கால், யோசிக்கிற மாதிரி நடிக்கக்கூட வேண்டாம்.


ஸ்கார்பரோ 304:

நானும் கால்தான். அதே ஆல்-இன் முதல் இடத்தில் இருந்து, ஒரு மணி நேரமாக ஒரு கையும் ஆடாத ஆளிடமிருந்து வந்தால், கிங்-7 அந்த 33-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அப்போது பபிள் என்றால் மடிப்பேன். அந்தக் கை தொடங்கும் முன்னாலேயே எழும்பிப் போய் மற்ற மேஜையைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன், தம்பி.